போகிமான்: புதுசு எண்பது போதும்

1/ புது போகிமான் கேம் வரும்போதெல்லாம் ஒரே சண்டை: "புதுசு நூறுகூட இல்லையா?" என் பதில்: எண்பது போதும். அதுக்கு மேல கேக்குறது பேராசை.

2/ கணக்கு பாருங்க. 1996-ல் 151. 2010-ல் வந்த பிளாக், ஒயிட்டில் புதுசு மட்டும் 156. 2013-ல் எக்ஸ், ஒய்யில் 72. இப்போ மொத்தம் ஆயிரத்தைத் தாண்டியாச்சு.

3/ "156 வந்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு?"னு கேப்பீங்க. ஆமா. ஏன்னா கதை முடியிற வரைக்கும் பழசு எதுவும் கண்ணுலயே படாது. புதுசோட பழக நேரம் கிடைச்சுது.

4/ கூட்டிக்கிட்டே போனதோட விலை 2019-ல் தெரிஞ்சுது. ஸ்வோர்ட், ஷீல்டில் பழைய போகிமான் பலதுக்கு இடமே இல்லை. கேம் கேமா நீங்க கூட்டிட்டு வந்த தோழன் வாசலிலேயே நின்னுட்டான்.

5/ டாக்டரா ஒண்ணு சொல்றேன். சின்ன வயசுல போகிமான் நிறைய ஆடினவங்களோட மூளையை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஸ்கேன் பண்ணாங்க. முடிவு 2019-ல் வெளியாச்சு. அந்த உருவங்களைப் பார்த்ததும் ஒரு குறிப்பிட்ட பகுதி கூடுதலா வேலை செஞ்சுது. ஆடாதவங்களுக்கு அப்படி இல்லை. வருஷக்கணக்கா பார்த்துப் பழகினதோட தடம் அது. நீளமான பட்டியல் அதைத் தராது.

6/ எக்ஸ், ஒய்யில் புதுசு குறைவு. ஆனா பழசுக்கு மெகா எவல்யூஷன் கொடுத்தாங்க. பழைய சாரிஸார்ட் மறுபடி புதுசாச்சு. அதுதான் வழி.

7/ புது மருந்து எழுதுறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே என்ன சாப்பிடுறீங்கன்னு கேப்போம்ல? கேம் பண்றவங்களும் அதைக் கேக்கணும். நீங்களும் "இன்னும் எத்தனை?"ங்கிறதை விட்டுட்டு, "என் பழசு எங்கே?"னு கேளுங்க.