தையல் பெட்டி வாங்க வேண்டாம், புத்தகப் பையைத் திறவுங்கோ



புளியங்கூடல், சரவணை, நாரந்தனைப் பக்கத்துப் பெற்றோருக்கு இதை எழுதுகிறோம். வெளிநாட்டில் இருக்கிற ஊர் உறவுகளும் வாசியுங்கள், கடைசியில் உங்களுக்கும் ஒரு சொல் இருக்கிறது.

போன தவணை தையல் வேலைக்கென்று நாங்கள் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தோம். அளவு நாடா, தையல் சோக், குண்டூசிப் பெட்டி, துணிக்குப் போடுகிற கிளிப், அடையாளம் போடுகிற பேனை, வடிவம் வெட்டுகிற தாள். எழுதும்போது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த இரண்டு தையல் நாளும் ஒரு பிள்ளை வரவில்லை. விசாரித்தால், "சாமான் இல்லாமல் போனா ரீச்சர் ஏசுவா" என்று வீட்டில் நின்றுவிட்டதாம். ஏசியிருக்க மாட்டோம். ஆனால் அந்தப் பட்டியலை எழுதியது நாங்கள்தானே.

2022 இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ஏறிய கொப்பி விலை எல்லா வீட்டையும் உலுக்கியது. 2025 இல் அரசாங்கம் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கொப்பி, பேனை வாங்க 6,000 ரூபாய் கொடுத்தது. கொப்பிக்கும் பைக்குமே அது பத்தாது என்று தாய்மாருக்குத் தெரியும். அதற்குமேல் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய்த் தையல் பெட்டி வாங்கு என்று நாங்கள் சொன்னது பிழை. அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். அதில் இருந்த வேலைகளில் முக்கால்வாசியைப் பிள்ளையின் பையிலும் வீட்டு அலுமாரியிலும் கிடக்கிற சாமானே செய்யும்.

கணிதப் பெட்டியில் இருந்து தொடங்குவோம். கவராயத்தால் ஒரு வட்டம் கீறுங்கள். கவராயத்தை விரித்த அளவு மாற்றாமல் வட்டத்தின் ஓரத்தில் அடுத்தடுத்துக் குறித்துக்கொண்டு போனால் சரியாக ஆறு புள்ளி விழும். புள்ளிகளை அடிமட்டத்தால் இணைத்தால் அறுகோணம். கணித பாடத்தில் இதைச் செய்த பிள்ளை "இது என்னத்துக்கு ரீச்சர்?" என்று கேட்டிருக்கும். இதற்குத்தான். பக்கம் ஓர் அங்குலம் வருகிற அறுகோணத்தைத் தடித்த மட்டையில் வெட்டினால் அச்சு. பழைய கலியாணக் காட் அதற்குத் திறம். அந்த அச்சை வைத்து ஏ4 தாளில் எத்தனையும் வெட்டலாம். ஒரு பக்கம் பாவித்த பழைய வினாத்தாள் போதும். கொப்பித் தாள் மெல்லியது, மடிக்கும்போது மூலை மழுங்கும். கலியாணக் காட் மடிக்க ஏலாத அளவுக்குத் தடிப்பு. ஏ4 தாள்தான் கணக்கு.

துணியைத் தாளைவிடச் சுற்றிவரக் கால் அங்குலம் கூட்டி வெட்டி, ஓரத்தைத் தாளின் மேல் மடித்து, பெரிய தையலாக நூலோட வேண்டும். இப்படிச் செய்த இரண்டு அறுகோணத்தை முகத்தோடு முகம் வைத்து, ஓரத்தை மட்டும் பிடித்துச் சிறு சிறு தையலாக இணைத்தால் மூலைகள் பிசகாமல் வரும். சுற்றிவர எல்லாத் துண்டும் பொருந்திய பிறகு நூலை இழுத்துவிட்டுத் தாளை எடுத்து அடுத்ததற்குப் பாவிக்கலாம். மெசினே தேவையில்லை. தொழுகை விரிப்பு, குர்ஆன் உறை, தலையணை உறை, சாமியறைக்கு ஒரு விரிப்பு, எது வேண்டுமானாலும் தைக்கலாம்.

"ஏழைப் பிள்ளையளுக்கு ஏழைப் படிப்போ?" என்று ஒரு தகப்பன் கேட்டார். நியாயமான கேள்வி, கோபிக்கவில்லை. ஆனால் இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு தைத்த பட்டு ஒட்டுவேலை விரிப்பு ஒன்று இருக்கிறது. அதைத் தைத்தவர்கள் பட்டு வாங்க வசதி உள்ளவர்கள். அவர்களும் தாளை உள்ளே வைத்துத்தான் தைத்தார்கள், அந்தத் தாள் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது. வசதி இல்லாதவர்களின் கையிலும் இந்த வேலை அழகாகத்தான் வந்திருக்கிறது. கர்நாடகாவில் சித்தி இனத்துப் பெண்கள், அவர்களில் எங்கட மார்க்கத்தவர்களும் உண்டு, பழைய உடுப்பை வெட்டித் தைக்கிற விரிப்பைக் கண்காட்சியில் தொங்கவிட்டுப் பார்க்கிறது உலகம். நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அறிவித்த ஹதீஸை நாங்கள் எல்லோரும் மதரஸாவில் கேட்டவர்கள்தானே. ஒட்டுப் போடுவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பையில் உள்ள எல்லாம் துணிக்கு ஒத்துவரும் என்று நாங்கள் சொல்லவில்லை. சிலது துணியைக் கெடுக்கும், ஒன்று பிள்ளையையே சுட்டுவிடும்.

சுடுவது சூப்பர் குளூ. பருத்தித் துணியில் பட்டால் அது சட்டென்று சூடேறும், புகைகூட வரும், தோலில் கொப்புளம் போடும். தையல் வேலைக்கு அது வீட்டிலேயே கையில் எடுக்கக் கூடாது. ஒட்ட வேண்டும் என்றால் தண்ணீரில் கழுவுப்படுகிற பசைக் குச்சி காணும். குண்டூசிக்குப் பதிலாக ஒரு சொட்டு, காய்ந்த பிறகு தையல்.

அடையாளம் போடக் குமிழ்முனைப் பேனை வேண்டாம். கழுவினால் மை பரவும், வெள்ளைச் சீருடை என்றால் கதை முடிந்தது. கந்தோர்க் கார்பன் தாளும் அப்படித்தான், கறை போகாது. இருட்டு நிறத் துணிக்கு வகுப்பில் எழுதுகிற வெண்கட்டி, வெளிர் நிறத்துக்குக் கூராகச் சீவிய பென்சிலால் மெல்லிய கோடு. சூட்டில் அழிகிற ஜப்பான் பேனை ஒன்று இப்போது கடையில் இருக்கிறது, 60 பாகை செல்சியஸ் அளவில் மை மறைந்துவிடும். அயன் பண்ணினால் கோடு போய்விடும், வெளிநாட்டில் விரிப்புத் தைக்கிறவர்கள் அதை விரும்பிப் பாவிக்கிறார்கள். கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்பி வரும். புளியங்கூடலில் அந்தப் பயம் இல்லை, கனடாவுக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள் யோசியுங்கள். எதுவென்றாலும் முதலில் வெட்டுத்துண்டில் கீறி, கழுவிப் பாருங்கள்.

தடித்த துணியைச் சேர்த்துப் பிடிக்கக் கந்தோர்க் கறுப்புக் கிளிப் குண்டூசியைவிட நல்லது. ஆனால் எங்கட தீவின் உப்புக்காற்று தெரியும்தானே, இரவில் துணியிலேயே விட்டால் காலையில் துருக்கறை. குண்டூசிக்கும் அதேதான். ஸ்டேப்ளர் வேண்டவே வேண்டாம். உள்ளே கிடக்கிற கம்பி மெசின் ஊசியை முறிக்கும். கோடு பிடித்துத் தைக்க மாஸ்கிங் டேப் ஒட்டலாம், அன்றைக்கே உரித்துவிட வேண்டும், அதன்மேல் அயன் படக் கூடாது.

மெசின் உள்ள வீட்டுக்கு இன்னொன்று. நூல் கோக்காமல், கோடு போட்ட கொப்பித் தாளை ஊசிக்கடியில் வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்லுங்கள். பழைய தையற்காரர் கையாளுக்கு முதல் பாடமாகக் கொடுத்தது இதுதான். தேய்ந்த ஊசி போதும், தாள் நல்ல ஊசியை மழுக்கும்.

தையற்காரர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "பொடியனுக்கு ஏன் தையல்?" என்று கேட்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கட சமூகத்து ஆம்பிளைகள் எத்தனை பேர் தையற்காரராக இருந்தார்கள் என்று உங்கள் தாத்தாமாரைக் கேளுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். மெசினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. புத்தளத்தில் எங்கட உறவுக்காரர் ஒருவர் இரவல் கத்தரிக்கோலும் சீனி சுற்றி வந்த தாளும் வைத்துத்தான் மறுபடி அளவு வெட்டத் தொடங்கினார். பெட்டி போனது, தொழில் போகவில்லை. எங்கட பொடியனுக்கும் பெட்டைக்கும் அந்தக் கை வர வேண்டும்.

காசு செலவழிக்க வேண்டிய சாமான் இரண்டுதான்: நல்ல ஊசி, துணிக்கு மட்டும் ஒரு கத்தரிக்கோல். கடதாசி வெட்டினால் துணிக் கத்தரிக்கோல் மழுங்கும், அதனால் பிடியில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறோம். சிவப்பைத் தொட்டுக் கடதாசி வெட்டினால் ஏசு விழும், அது மட்டும் உண்மை. ஐந்து பிள்ளைக்கு ஒன்று போதும், அதை நாங்களே வாங்கி வகுப்பில் வைக்கிறோம். அளவு நாடா இல்லாதவர்கள் நூலால் அளந்து அடிமட்டத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

வெளிநாட்டு உறவுகளே, வட்டக் கத்தி, வெட்டுப் பலகை என்று பார்சல் கட்ட வேண்டாம். மனம் இருந்தால் ஒரு பைக்கற் ஊசி.

ஊரில் இருப்பவர்கள் பழைய கலியாணக் காட், ஒரு பக்கம் பாவித்த ஏ4 தாள், தையற்கடையில் ஒதுக்கிற பருத்தி வெட்டுத்துண்டு இருந்தால் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பத்திரிகைத் தாள் மட்டும் வேண்டாம், அச்சு மை வெள்ளைத் துணியில் ஒட்டும். அன்றைக்கு வராமல் நின்ற பிள்ளை இப்போது பதினாறு அறுகோணம் முடித்துவிட்டது. அதற்குப் பச்சை நிறத் துண்டு காணாதாம். யார் வீட்டிலாவது கிடந்தால் தாருங்கள்.