வலிமையை மறைப்பானேன்?

சென்ற குளிர்காலத்தில் சிகாகோ நகரில் ஒரு நண்பரின் இல்லத்தில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க நேர்ந்தது. ஆறு பேர் கூடியிருந்தோம். நண்பர் நிலவறைக்குச் சென்று ஒரே ஒரு புட்டியை எடுத்து வந்து மேஜைமீது வைத்தார். அரை லிட்டர்ப் புட்டி. ஆறு பேருக்கு இவ்வளவுதானா என்று நாம் மனத்துக்குள் நகைத்தோம். இது லோபத்தனம் அன்றோ என்றுகூட எண்ணினோம். நண்பர் நமது முகக்குறிப்பைக் கண்டுகொண்டார் போலும். ஒன்றும் பேசாமல் புட்டியைத் திருப்பி, லேபிளின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஓர் எண்ணை விரலால் சுட்டினார். நூற்றுக்கு 14 என்றிருந்தது. "இதைப் பாராதவன் சாதாரண பீர் என்று நினைத்து முழுப் புட்டியையும் தானே முடித்துவிட்டு மோட்டாரில் ஏறி உட்காருவான்" என்றார்.

அந்தச் சிறிய எண்ணைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம். மது அருந்துவது தகுமா தகாதா என்பது வேறு வழக்கு. அதை இங்கே விசாரிக்கவில்லை. அருந்துவோன் கையில் இருப்பது இன்னதென்று அவனுக்குத் தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதே இன்றைய கேள்வி. தெரிய வேண்டும் என்பது நமது திடமான அபிப்பிராயம். ஒரு பெரிய குடியரசின் சட்டம் அறுபது வருஷகாலம் இதற்கு நேர் விரோதமாக நின்றது என்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

முதலில் அந்தப் பானத்தைப் பற்றிச் சொல்லுவோம். அதன் பெயர் இம்பீரியல் ஸ்டவுட். விஸ்கி வைத்திருந்த பீப்பாயில் பல மாதம் கிடந்து முதிர்ந்தது. பனிக்கட்டியில் வைத்துக் குளிரச் செய்யாமல், நிலவறைக் குளிர்ச்சியோடு சிறு கிண்ணங்களில் இரண்டு விரல் உயரத்துக்கு வார்த்தார்கள். செக்கிலிருந்து இறங்கும் எண்ணெயைப் போல அது கனத்து விழுந்தது. விளக்குக்கு எதிரே பிடித்தாலும் ஒளி ஊடுருவாத கருமை. மேலே காப்பி நுரை போன்ற பழுப்பு நுரை சற்று எழுந்து, சொல்லி முடிப்பதற்குள் அடங்கிவிட்டது.

மோந்து பார்த்தால் முதலில் வறுத்த காப்பிக்கொட்டை. பிறகு கருப்பட்டிப் பாகு. அதன் பின்னே, அமெரிக்காவின் நடுவே உட்கார்ந்திருந்த நமக்கு ஆச்சரியம் விளையும்படி, உலர்ந்த கொப்பரையின் வாசனை. நாவில் வைத்தால் இனிப்பு முந்துகிறது. கசப்பு அதைத் தொடர்கிறது. கடைசியில் தொண்டையில் ஓர் உஷ்ணம் மெல்லப் பரவுகிறது. அரை மணி நேரம் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தோம். சூடேற ஏற வெனிலாவும் வெந்த சர்க்கரையும் தனித்தனியாகத் தெரிந்தன. இது தாகத்துக்குப் பருகும் பொருள் அன்று. துளித்துளியாக விசாரித்து அறியும் பொருள்.

இந்தச் சுவைகள் எங்கிருந்து வந்தன? கருமையும் காப்பி வாசனையும் கருக வறுத்த பார்லியிலிருந்து வந்தன. சாதாரண பீருக்கு இடுவதைக் காட்டிலும் பன்மடங்கு தானியம் இட்டுக் காய்ச்சுவதால் இனிப்பும் வலிமையும் வந்தன. கொப்பரையும் வெனிலாவும் தானியத்தில் இல்லை. அவை பீப்பாய் கொடுத்த கொடை. ஓக் மரத்தில் உள்ள லாக்டோன் என்னும் பொருளே கொப்பரையாக மணக்கிறது. மரத்தின் லிக்னின் தீயில் சிதைந்து வெனிலின் ஆகிறது. வெயில் காலத்தில் பானம் விரிந்து மரத்துக்குள் புகுகிறது. குளிர்காலத்தில் சுருங்கி வெளியே வருகிறது. இப்படி மாதக்கணக்காக மரத்தோடு உறவாடி, அது முன்பு ஏந்தியிருந்த விஸ்கியின் எச்சத்தையும் வாங்கிக்கொண்டு, உட்புகுந்தபோது இருந்ததைவிட வலிமை கூடி வெளிப்படுகிறது.

வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இதில் ஒரு வேடிக்கை தென்படுகிறது. பீப்பாயில் முதிர்ந்த ஸ்டவுட் சட்டம் பெற்ற பிள்ளை. போர்பன் விஸ்கி என்று பெயரிட வேண்டுமானால், அதை உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயிலேயே வைக்கவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒரு முறை போர்பன் வைத்த பீப்பாய் மறுமுறை போர்பனுக்கு உதவாது. ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும் நல்ல பீப்பாய்கள் ஆண்டுதோறும் ஏராளமாக வெளியேறி, வேறு விஸ்கிக்காரரிடமும் கடல் கடந்தும் சென்றன. 1990-ஆம் ஆண்டுகளில் சிகாகோவில் கூஸ் ஐலண்ட் என்னும் சிறு பீர்ச்சாலையின் தலைமை வடிப்பாளராக இருந்த கிரெக் ஹால், அப்படிப்பட்ட பீப்பாய் சிலவற்றை வாங்கி அவற்றில் கனத்த ஸ்டவுட்டை ஊற்றி வைத்தார். அதுவே பின்னர் போர்பன் கவுன்டி ஸ்டவுட் என்று பிரசித்தி பெற்றது. விஸ்கிக்காக இயற்றிய விதி, எண்ணாத இடத்தில் ஒரு புதிய பானத்துக்குத் தொட்டில் ஆயிற்று.

பீப்பாய் முதிர்வு இப்படிப் புதியதாயினும், ஸ்டவுட்டின் குலம் பழையது. லண்டனில் ஸதர்க் என்னும் பகுதியில் இருந்த திரேல் என்பவரின் ஆங்கர் பீர்ச்சாலை பதினெட்டாம் நூற்றாண்டில் பெயர் பெற்றது. திரேல் 1781-இல் இறந்தபோது, அகராதி இயற்றிய சாமுவேல் ஜான்ஸனும் மரணசாஸனத்தை நிறைவேற்றுவோரில் ஒருவராக இருந்தார். சாலை 1,35,000 பவுனுக்குப் பார்க்ளே, பெர்க்கின்ஸ் முதலியோர் கைக்கு மாறிற்று. ருஷியச் சக்கரவர்த்தினிக்கென்று விசேஷமாகக் காய்ச்சிய அந்தச் சாலையின் பானத்தைத் தாம் அருந்தியதாக ஜோசப் பாரிங்டன் என்னும் ஓவியர் 1796-இல் தமது நாட்குறிப்பில் எழுதினார். காதரைன் ஆண்ட காலம் அது. அந்த அரண்மனைத் தொடர்பே 'இம்பீரியல்' என்ற பட்டத்துக்கு மூலம். அச்சாலையின் வழிவந்த ருஷிய ஸ்டவுட்டைப் பின்னாளில் கரேஜ் கம்பெனியார் காய்ச்சி, 1993-இல் நிறுத்தினார்கள். ராஜ்யங்கள் போயின, பட்டம் மட்டும் புட்டியின்மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பட்டத்தைவிடப் பெயரே நமக்கு முக்கியம். 'ஸ்டவுட்' என்ற சொல் ஆதியில் கறுப்பு பீரைக் குறிக்கவில்லை. வலிய பீரைக் குறித்தது. பீப்பாயின்மீது பெருக்கல் குறிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று இட்டு வலிமையைக் காட்டும் வழக்கமும் இங்கிலாந்தில் இருந்தது. எழுத்தறியாத கூலிக்காரனும் அதைப் பார்த்து, தான் வாங்குவது இன்ன தரம் என்று அறிந்துகொண்டான். அக்கால வியாபாரி தன் சரக்கின் வலிமையைப் பகிரங்கமாகச் சொல்லியே விற்றான்.

இனி அமெரிக்காவுக்குத் திரும்புவோம். 1933-இல் அங்கே மதுவிலக்கு நீங்கிற்று. இரண்டு வருஷம் கழித்து, 1935-இல் இயற்றிய மதுபான நிர்வாகச் சட்டம், பீர்ப் புட்டியின் லேபிளில் ஆல்கஹால் என்னும் சாராயச் சத்தின் அளவை அச்சிடலாகாது என்று தடுத்தது. அச்சிட வேண்டியதில்லை என்று விட்டதன்று. அச்சிட்டால் குற்றம் என்றது! காரணம் என்ன? எண்ணை அச்சிட்டால் வியாபாரிகள் ஒருவரையொருவர் மிஞ்சி வலிமையை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஜனங்களும் பெரிய எண்ணைத் தேடி ஓடுவார்கள் என்று அஞ்சினார்களாம்.

கூர்ஸ் என்னும் பீர்க் கம்பெனியார் 1987-இல் தங்கள் லேபிளில் அளவை அச்சிட அனுமதி கேட்டார்கள், சர்க்கார் மறுத்தது, வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1995 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் தடையைச் செல்லாதென்று தள்ளினார்கள். சட்டத்தின் முரண்பாடுகளைக் கோர்ட்டார் எடுத்துக் காட்டினார்கள். பீர் லேபிளில் எண் கூடாது என்ற அதே சட்டம், வலிய ஒயினுக்கு எண் கட்டாயம் என்றது. லேபிளில் கூடாதென்ற எண்ணை, ராஜ்யச் சட்டம் தடுக்காத இடங்களிலெல்லாம் விளம்பரத்தில் போட இடம் கொடுத்தது. வலிமைப் போட்டிதான் பயமென்றால், அந்தப் பயம் முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதையாக அல்லவா இருக்கிறது?

சர்க்கார் சொன்ன வாதத்தின் வேரைச் சற்று ஆராய்வோம். "ஜனங்களுக்கு உண்மை தெரிந்தால் அதைத் துர்விநியோகம் செய்வார்கள், ஆதலால் தெரியாமலே இருக்கட்டும்" என்பதே அது. இந்த வாதம் நமக்குப் புதியதா? பத்திரிகைகளின் வாயை அடைத்தவர்களும் வரவு செலவுக் கணக்கை மறைத்தவர்களும் சொன்னது இதுவே அல்லவா? ஜனங்களைக் குழந்தைகளாக வைத்திருக்க விரும்புகிறவர்கள், அது குழந்தைகளின் நன்மைக்கே என்று எப்போதும் சொல்லுவார்கள்.

அனுபவமோ வேறு விதமாகப் பேசுகிறது. அன்று மாலை நாங்கள் ஆறு பேர் ஒரு புட்டியைப் பங்கிட்டது எதனால்? லேபிளில் எண் இருந்ததனால். அரை லிட்டரில் நூற்றுக்கு 14 என்றால் 70 மில்லிலிட்டர் சுத்தமான சாராயச் சத்து. நூற்றுக்கு 5 வலிமையுள்ள சாதாரண பீர் 355 மில்லிலிட்டர்ப் புட்டியில் ஏறக்குறைய 18 மில்லிலிட்டர்தான் உண்டு. ஆகவே அந்தக் கறுப்புப் புட்டி ஒன்று, சாதாரணப் புட்டி நான்குக்குச் சமம். அறிந்த ஆறு பேர் பங்கிட்டபோது ஆளுக்கு 12 மில்லிலிட்டர் கூட வரவில்லை. அறியாத ஒருவன் கையில் அதே புட்டி என்ன செய்திருக்கும்? அந்த எண் எங்களை வெறியர் ஆக்கவில்லை, மிதவாதிகள் ஆக்கிற்று. பெரிய எண்ணைத் தேடி ஓடுகிறவர் சிலர் இருக்கலாம், மறுக்கவில்லை. அவர்களுக்காக மற்றெல்லோர் கண்ணையும் கட்டுவது நியாயமாகுமா?

உண்மையைச் சொல்லுவது விற்பவனுக்கும் நஷ்டமன்று என்பதற்கும் இந்தப் பானத்தின் சரித்திரத்திலேயே சாட்சி உண்டு. கூஸ் ஐலண்டை 2011-இல் ஆன்ஹைசர்-புஷ் என்னும் ராக்ஷஸக் கம்பெனியார் 3 கோடியே 88 லக்ஷம் டாலருக்கு வாங்கினார்கள். 2015-ஆம் வருஷத்துப் புட்டிகள் சிலவற்றில் புளிப்புத் தட்டுவதாக வாங்கியோர் முறையிட்டார்கள். லாக்டோபாசில்லஸ் இனத்துக் கிருமி ஒன்று உட்புகுந்திருந்தது. 1916 அன்று, 2016 ஜனவரியில், கம்பெனியார் காப்பி சேர்த்த ஸ்டவுட்டிலும் பார்லி ஒயினிலும் குற்றம் இருப்பதை ஒப்புக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்பு பானத்தைச் சூடேற்றிக் கிருமி நீக்கும் முறையையும் மேற்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதனால் வியாபாரம் அழியவில்லை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று: பிரசித்தி பெற்ற பெயரையும் கொடுத்த விலையையும் நம்பாமல், தம் நாவை நம்பியவர்களாலேயே குற்றம் வெளிப்பட்டது. புட்டியின் புகழுக்கு வணங்கிப் புளிப்பையும் புதுச்சுவை என்று மெச்சியிருந்தால் உண்மை வெளிவந்திருக்குமா?

நாவின் சாட்சியும் லேபிளின் சாட்சியும் சேர்ந்தே நிற்கவேண்டும். புளிப்பை நாக்கு கண்டுபிடிக்கும். வலிமையை அது முழுதும் கண்டுபிடியாது. இனிப்பும் வறுத்த தானியத்தின் கனமும் சாராயத்தின் சூட்டை மூடி மறைப்பதே நல்ல ஸ்டவுட்டின் சாமர்த்தியம். எவ்வளவு நன்றாக முதிர்ந்ததோ அவ்வளவு நன்றாக மறைக்கும். ஆகையால், பானம் எத்தனைக்கெத்தனை சிறந்ததோ அத்தனைக்கத்தனை லேபிள் உண்மை பேசவேண்டும்.

1995-ஆம் வருஷத்துத் தீர்ப்பு எண்ணை அச்சிடலாம் என்றதே ஒழிய, அச்சிட்டே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. ஐரோப்பிய யூனியனில் நூற்றுக்கு 1.2-க்கு மேற்பட்ட பானம் எதுவாயினும் அளவைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மதுபான வரி இலாகாவும் 2025 ஜனவரியில், பீர் உள்படச் சகல மதுபானங்களிலும் அளவை அச்சிடுவதைக் கட்டாயமாக்க ஒரு யோசனை வெளியிட்டது. அது நியாயமான யோசனை. அதை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். அதற்கும் ஒரு படி மேலே போகலாம் என்பது நமது கருத்து. எண் அடியில் ஒளியாமல் பெயருக்கு அருகே பெரிய எழுத்தில் இருக்கட்டும். பீப்பாயில் முதிர்ந்தது என்று பெருமை கொள்பவர், எத்தனை மாதம் என்றும், முன்பு அதில் என்ன இருந்ததென்றும் சொல்லட்டும். இத்தனை வலிய பானத்தைச் சிறிய புட்டிகளில் அடைக்கட்டும்.

இதனால் செலவு கூடும் என்பார்கள். ஒரு வரி அச்சுக்கு எவ்வளவு மை செலவாகிவிடும்? வியாபார ரகசியம் கெடும் என்பார்கள். காய்ச்சும் முறையை யார் கேட்டார்கள்? வாங்குவோன் வயிற்றுக்குள் செல்வது என்ன என்பதையே கேட்கிறோம். அது ரகசியமாக இருக்க யாருக்கும் உரிமையில்லை.

அன்று இரவு விடைபெறும்போது, புட்டியின் அடியில் இன்னும் ஒரு மிடறு எஞ்சியிருந்தது. ஆறு பேரில் ஒருவரும் அதற்குக் கை நீட்டவில்லை. எங்களைத் தடுக்கப் போலீஸ்காரர் ஒருவரும் அங்கே இல்லை. லேபிளில் ஓர் எண் மட்டும் இருந்தது. அறிவு காவல் காக்கும் இடத்தில் மறைவுக்கு வேலையில்லை.