கண்ணைக் கட்டினால் மனம் தெரியுமா?

கண்ணைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்ட சிறுமி, கையில் கொடுத்த அட்டையின் நிறத்தைச் சரியாகச் சொல்கிறாள். இன்னும் பழகினால் அடுத்தவர் மனத்தில் இருப்பதையும் சொல்வாள் என்கிறார் பயிற்சியாளர். 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' (நடுமூளையை எழுப்புதல்) என்ற பெயரில் மலேசியாவில் பரவி, 2010-களில் தமிழகத்துக்கும் வந்து சேர்ந்த பயிற்சி இது. இரண்டு நாள் வகுப்புக்குப் பல ஆயிரம் ரூபாய் கட்டணம்.

பணம் கட்டும் பெற்றோரை ஏமாளிகள் என்று சொல்ல மனம் வரவில்லை. தருமபுரி மாவட்டத்தின் காரிமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுச் செல்கிறார்கள். தாம் படிக்காத படிப்பைப் பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காக எந்தக் கதவையும் தட்டிப் பார்க்கத் தயாராக இருக்கிறார்கள். அந்த ஆசையில் குற்றம் இல்லை.

பகுத்தறிவாளர்களின் எதிர்ப்பிலும் நியாயம் உண்டு. மங்களூரைச் சேர்ந்த நரேந்திர நாயக் போன்றோர் இதன் சூட்சுமத்தைப் பலமுறை வெளிப்படையாக விளக்கியிருக்கிறார்கள். எவ்வளவு இறுகக் கட்டினாலும் மூக்கின் இருபுறமும் சிறு இடைவெளி இருக்கும். மோவாய்க்குக் கீழே பிடித்த அட்டை அந்த வழியாகத் தெரியும். அதே அட்டையைத் தலைக்குப் பின்னால் பிடித்தால் தெரியாது. நடுமூளையோ, பார்வை, கேட்டல், கண்ணசைவு ஆகியவற்றுக்காகப் பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டிருக்கும் பகுதி. அதைப் புதிதாக யாரும் எழுப்ப வேண்டியதில்லை.

ஆனால், உண்மையை நிரூபிக்கும் அவசரத்தில் மேடையில் தலைகுனிந்து நிற்பது யார்? பயிற்சியாளர் அல்ல, பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கீழே எட்டிப் பார்த்ததை ஒப்புக்கொள்ளவும் முடியாது, பெருமையில் பூரிக்கும் அப்பாவை ஏமாற்றவும் முடியாது. இந்த இக்கட்டைப் பற்றி இரு தரப்புமே போதிய அளவு யோசிக்கவில்லை என்பது என் கருத்து.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. 1880-களில் இங்கிலாந்தில், ஒரு பாதிரியாரின் மகள்களான க்ரீரி சகோதரிகள் மனத்தைப் படிப்பதாகப் பேர் பெற்றார்கள். 1882-இல் லண்டனில் தொடங்கப்பட்ட உளவியல் ஆய்வுச் சங்கத்தின் அறிஞர்களே அதை நம்பினார்கள். சில ஆண்டுகளில், சகோதரிகள் தமக்குள் சைகை காட்டிக்கொண்டது பிடிபட்டது. அதைச் சங்கம் மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டது. நம்பியவர்களே முன்வந்து சோதித்ததும், முடிவை ஏற்றுக்கொண்டதும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முன்மாதிரி.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாக 1976-இல் அரசியலமைப்பில் சேர்த்தோம். அந்தக் கடமை ஆசிரியருக்கு மட்டுமோ இயக்கங்களுக்கு மட்டுமோ உரியதல்ல. பயிற்சியால் பிள்ளைக்குக் கூச்சம் போகிறது, கவனம் கூடுகிறது என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் நடத்துபவர்கள் அதை மட்டும் சொல்லி விளம்பரம் செய்யட்டும். யாரும் குறை சொல்லப் போவதில்லை.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் மனத்தைப் பெரியவர்கள் அறிவதுதான், பிள்ளைகள் அடுத்தவர் மனத்தைப் படிப்பதைவிட அவசரமான வேலை. பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பெட்டியில் விழும் சீட்டை உரிய நேரத்தில் எடுத்துப் படிக்க ஆள் வேண்டும். பெங்களூரிலிருந்து பேசும் அம்மாவும், மார்க் எவ்வளவு என்பதோடு இன்று யாரோடு சாப்பிட்டாய் என்றும் கேட்கலாம்.

காரிமங்கலம் வட்டாரப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் இந்தக் கண்கட்டுப் பயிற்சியைப் பற்றிப் பேச அரை மணி நேரம் ஒதுக்கலாம். அறிவியல் ஆசிரியர் கண்கட்டுச் சோதனையைச் செய்து காட்டட்டும். பிள்ளைகள் வேண்டாம், தலைவரும் உறுப்பினர்களும் கண்ணைக் கட்டிக்கொள்ளட்டும். வெளியிலிருந்து வரும் எந்தப் பயிற்சியாளரும் முதலில் இந்தக் குழுவின் முன் செய்து காட்டிய பிறகே வகுப்புக்குள் போகலாம் என்று அன்றே தீர்மானம் எழுதிவிடலாம்.