வெளிநாட்டு முத்திரை எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்குமா?



உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ஊர்ச் சந்தியெல்லாம் பதாகை. "சர்வதேச தர அங்கீகாரம் பெற்ற பட்டம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அங்கீகரித்தது யார், எதை அங்கீகரித்தார்கள் என்பது அதில் இருக்காது. நாங்களும் கேட்பதில்லை. உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. வாப்பாவின் கட்டார் சம்பளம் தவணைக்குப் போகிறது.

இலங்கையில் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு அடிப்படை 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம். தனியார் நிறுவனம் சொந்தமாகப் பட்டம் வழங்குவதென்றால் அந்தச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அனுமதி வேண்டும். வெளிநாட்டுத் தரச்சான்று அந்த இடத்தை நிரப்பாது. பிரித்தானியாவின் கியூ.ஏ.ஏ. போன்ற அமைப்பு வந்து மீளாய்வு செய்தாலும், நிறுவனத்தின் நடைமுறைகள் ஐரோப்பிய நியமங்களுக்கு ஒத்துவருகின்றனவா என்றுதான் பார்க்கும். அது இங்கே ஒரு பட்டத்தைச் செல்லுபடியாக்காது.

"அப்ப வெளிநாட்டு வேலைக்கு என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொறியியலைப் பாருங்கள். 1989இல் ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் தொடங்கியது வாஷிங்டன் உடன்படிக்கை. 2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அதில் முழு உறுப்புரிமை பெற்றது. பேராதனையிலும் மொறட்டுவையிலும் யாரும் வெளியிலிருந்து வந்து முத்திரை குத்தவில்லை. பட்டப்படிப்பை மதிப்பிடுவது எங்கள் நாட்டு நிறுவனமே. அந்த மதிப்பீட்டு முறையைத்தான் மற்ற நாடுகள் சோதித்து ஏற்றுக்கொண்டன. மரியாதையான வழி இதுதான். காசு கட்டிச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டுவது வேறு.

எங்களிடம் தரம் பார்க்கும் முறை இல்லாமலும் இல்லை. மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டுச் சபை பல்கலைக்கழகங்களையும் பட்டப்படிப்புகளையும் மீளாய்வு செய்து ஏ, பி, சி, டி என்று தரமிடுகிறது. அறிக்கைகள் இணையத்தில் பகிரங்கமாக இருக்கின்றன. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி இன்று ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பற்றி ஊரில் எவ்வளவோ பேசுகிறோம். அதன் அறிக்கையை எங்களில் எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? அதில் சொல்லப்படும் குறைகளைத் திருத்தச் சொல்லி யார் குரல் கொடுத்தோம்? விரிவுரையாளர் வெற்றிடத்தை எந்த வெளிநாட்டுச் சான்றும் நிரப்பாது.

பிழை ஆசிரியர்களாகிய எங்களிலும் இருக்கிறது. இந்த நிறுவனங்களின் அனுசரணையில் பரிசளிப்பு விழா வைப்பதும், அவர்களுக்கு ஒலிவாங்கியைக் கொடுப்பதும் நாங்கள்தான்.

ஆகவே பெற்றோரே, காசு கட்ட முன்னர் மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டம் வழங்குவது யார்? அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? பிள்ளை போக விரும்பும் தொழிலின் பதிவுச் சபை ஏற்கிறதா? பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராதவரிடம் நகையைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள்.