ஆறு பேர், ஒரு ஃபுல், மூணு தலகாணி

மதுரையிலோ திருச்சியிலோ வீட்டு மாடியில் நாலு பேரைக் கூப்பிட்டு 'பார்ட்டி' வைப்பது பெரிய விஷயமே இல்லை ஸார். அங்கே ஒரே மாநிலம், ஒரே விலை. ஓசூர் அப்படியா? பைக்கை ஒரு முறுக்கு முறுக்கினால் ஜூஜூவாடி. அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி. வேற மாநிலம், வேற லேபிள், வேற விலை. சபலம் பத்து நிமிஷ தூரத்தில் போர்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது!

விஷயம் இதுதான். எங்கள் 'ஸ்டோர்ஸ்' பர்மனென்ட் ஆகிவிட்டான். (எங்கள் செட்டில் யாருக்கும் பேர் கிடையாது. டிபார்ட்மென்ட்தான் பேர்.) ஆறு வருஷ கான்ட்ராக்டுக்குப் பிறகு கிடைத்த பர்மனென்ட். கொண்டாடாவிட்டால் பாவம். இடம், எங்கள் மொட்டை மாடி ரூம். தேதி, அக்டோபர் 2 என்று நானே குறித்தேன். என் சம்சாரம் ஒன்றும் பேசாமல் காலண்டரைக் கொண்டு வந்து மூஞ்சிக்கு நேரே பிடித்தாள். காந்தி சிரித்துக்கொண்டிருந்தார். தேதியை அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றினோம்.

"மச்சி, அத்திப்பள்ளியில எடுத்துடலாம். பாக்கெட் சரக்கு. சட்டைக்குள்ள போட்டா ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்" என்றான் டூல் ரூம்.

"பிடிச்சா உள்ள போடுவாண்டா."

"எந்தச் சட்டத்துல?"

நல்ல கேள்வி. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. நம் அரசுக்கு வரி கட்டாத சரக்கை எல்லை தாண்டிக் கொண்டுவருவது அதன்படி குற்றம். டாஸ்மாக் கடையில் பாட்டில் விற்பதும் அதே மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான்! இந்த மாதிரி ஒரு ஜோக்கை ராப்பகலா உட்கார்ந்தாலும் என்னால் யோசிக்க முடியாது.

அதைக் கொண்டுவந்த ராஜாஜியோ நம்ம ஊர்க்காரர். 1878-ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். 1937 அக்டோபர் 1-ம் தேதி மாகாணத்திலேயே முதல் முதலாகச் சேலம் ஜில்லாவில் கடைகளை மூடினார். அப்போது ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லாதான். போன வருமானத்துக்கு ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். பிறகு 1971-ல் மதுவிலக்கு போனது, 1974-ல் வந்தது, மறுபடி போனது, 2003-லிருந்து சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துகிறது. வரி மட்டும், பேரை மாற்றிக்கொண்டதே தவிர, ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு ஸ்மால் 30 மில்லி. அதில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். குவார்ட்டரில் ஆறு ஸ்மால், ஃபுல்லில் இருபத்தஞ்சு. "நான் பீர் மட்டும்தான் மச்சி" என்று நல்ல பிள்ளை மாதிரி சொல்பவன் இருக்கிறானே, அவன்தான் ஆபத்து. 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் நாலு ஸ்மாலுக்குச் சமம்! ஈரல் மணிக்குச் சுமார் ஒரு ஸ்மால் கிளியர் பண்ணும். காபி கொடுத்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்தாலும், தலையில் தண்ணி ஊற்றினாலும் அதே ஸ்பீடு. ஓவர்டைம் பார்க்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. ராத்திரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் ஒரு ஹாஃப் அடித்தவனுக்கு காலை ஒன்பது மணி வரை உள்ளே சரக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போய் பவர் பிரஸ் முன்னால் நின்றால்? விரலை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை நான் போன வருஷமே போட்டிருக்க வேண்டும்.

போன வருஷமும் இதே மாடிதான். குவாலிட்டி பதினொன்றரைக்குக் கிளம்பினான். "குளிருது மாப்ளே" என்றான். நான்தான், "இதைப் போட்டுட்டுப் போ, சூடா இருக்கும்" என்று கடைசி ரவுண்டை ஊற்றினேன். (சூடெல்லாம் தோலுக்குத்தான். உடம்பு உள்ளே இருக்கிற சூட்டை இழந்துகொண்டிருக்கும் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். எந்த இடத்தில் சொன்னார் என்றால், ஆஸ்பத்திரி வராந்தாவில்.) ஹைவேயில் டிவைடர். தோள்பட்டையில் பிளேட், மூணு மாசம் சம்பளமில்லாத லீவு. என்னை அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் வண்டி ஓட்டக்கூடாது. சட்டென்று ரெண்டு ஸ்மால் போட்டாலே பலருக்கு அது தாண்டிவிடும். மாட்டினால், 2019-ல் திருத்திய சட்டப்படி முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் ஆறு மாசம் வரை உள்ளே, அல்லது ரெண்டும்.

அதனால் இந்தத் தடவை நானும் சம்சாரமும் சேர்ந்து பிளான் போட்டோம். ஆறு பேரில் ரெண்டு பேர் தொடமாட்டார்கள். மிச்சம் நாலு பேருக்கு ஒரு ஃபுல். அவ்வளவுதான்.

"கல்யாணத்துல மொய் எழுதிட்டு மோர் குடிச்சிட்டு வந்த மாதிரி இருக்குமே!" என்றான் டூல் ரூம்.

"ஏங்க, வெறும் வயித்துல யாருக்கும் ஊத்தாதீங்க" என்பது வீட்டுக் கண்டிஷன். ஏழரைக்கே ராகிக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு. ரெண்டு கேன் தண்ணி. ஒரு செம்பு நிறைய மோர். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாய்கள். முக்கியமாக ஒரு பிஸ்கட் டப்பா. முதல் கிளாஸுக்கு முன்னால் எல்லா பைக் சாவியும் அதற்குள் போக வேண்டும். டப்பா கீழே அரிசி டிரம்முக்குள் போய்விடும். பஸ்ஸில் வந்த குவாலிட்டி, சபைக்கு மரியாதை என்று தன் வீட்டுச் சாவியை முதலில் போட்டான்.

பதினொன்றரை மணி. டூல் ரூம் எழுந்தான்.

"மச்சி, நான் ஸ்டெடி. சாவியைக் குடு."

"காலைல."

"டேய், வீடு ரெண்டு கிலோமீட்டர்டா!"

குவாலிட்டி அப்போதுதான் ஷெல்ஃபில் இருந்த மோர்ச் செம்பை எடுக்கக் கையை நீட்டினான். வலது கை தோள் வரை போனது. அதற்கு மேல் போகவில்லை. கையை இறக்கிக்கொண்டு, இடது கையால் எடுத்து ஊற்றினான்.

டூல் ரூம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

"தலகாணியாவது இருக்கா?"

இருந்தது. மூணு.