சிறுவாபுரியில் ஒரு செவ்வாய்க்கிழமை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து சற்றே மேற்கே விலகினால் சின்னம்பேடு என்னும் சிறுவாபுரி. லவனும் குசனும் தந்தையென்று அறியாமல் ஸ்ரீராமனோடு போர் புரிந்த இடம் என்கிறது தல வரலாறு. அருணகிரிநாதர் பாடிய தலம். ஆறு செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து வந்து பாலசுப்பிரமணியரைத் தரிசித்தால் சொந்த வீடு அமையும் என்பது அன்பர்களின் நம்பிக்கை. வங்கியில் நான் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தபோது, விண்ணப்பங்களுக்கு இடையே இத்தலத்துக் குங்குமப் பொட்டலத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன். கடனை அனுமதித்தவன் நான் என்றுதான் அன்றெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன்!

சென்ற மாதம் வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மையார் நின்றார். எழுபதை நெருங்கும் வயது. உடன் கல்லூரியில் படிக்கும் பேத்தி. "சட்டையோட உள்ளுக்கு விடீனம், பாத்தியளே தம்பி" என்றார் என்னைப் பார்த்து. பேச்சு ஈழத்தினுடையது. அங்கெல்லாம் ஆடவர் மேலாடையைக் களைந்தே சந்நிதிக்குள் செல்வர். இங்கே முதன்முதலாகக் கோயிலுக்குப் போன அன்று திகைத்துப் போனாராம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் திகைப்பு தீரவில்லை.

அவர் திருகோணமலைக்காரர். 1990ஆம் ஆண்டு, மீண்டும் போர் மூண்டபோது, கணவரோடும் ஆறு வயது மகனோடும் காடு வழியாக மன்னார்க் கரையை அடைந்து, ஓர் இரவு படகேறினார். விடியுமுன் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டது. பிறகு மண்டபம் முகாம், பதிவு, கேள்விகள். அதன்பின் கும்மிடிப்பூண்டி.

"தமிழ்நாடு எண்டுதானே கூட்டிக்கொண்டு வந்தவை? கடையில பாதிப் பேர் தெலுங்கு கதைச்சினம். எங்க கொண்டுவந்து விட்டிருக்கினம் எண்டு அவர் பயந்துபோனார்" என்று சிரித்தார். ஆந்திர எல்லை அருகில் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? தமிழ் பேசிய கடைக்காரரிடமும் சிக்கல்தான். சவர்க்காரம் கேட்டால் விழித்தார். பாண் கேட்டால் வெற்றிலைபாக்குக் கடையைக் காட்டினார். சோப்பும் ரொட்டியும் என்று சொல்லப் பழகச் சில நாளாயிற்று. இரவில் ஆலைகளின் இரைச்சலும் ரயிலின் ஓசையும். ஓசை கேட்டால் குண்டு வீச்சோ என்று மகன் பாயை விட்டு எழுந்து ஓடுவானாம். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

கோணேசர் கோயில் மலையுச்சியில் கடலைப் பார்த்து நிற்பது. திருஞானசம்பந்தர் அங்குச் செல்லாமல் இராமேசுவரத்தில் நின்றபடியே அப்பதியைப் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. அந்த அம்மையாருக்கும் இது தெரிந்திருந்தது. "அவர் இங்க நிண்டு அங்க பாத்தவர். நாங்களும் அப்பிடித்தான் இருக்கிறம்" என்றார்.

2021இல் அரசு முகாமின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்ல காரியம். ஆயினும் முகாம் முகாம்தான். 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாக இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை இல்லை. அந்தப் பேத்தி கும்மிடிப்பூண்டியில் பிறந்தவள். திருகோணமலையைக் கண்டதே இல்லை. இங்கும் குடிமகள் அல்லள்.

தரிசனம் முடிந்து மண்டபத்தில் அமர்ந்தோம். "அங்க எங்களுக்கு வீடு இருந்தது, தம்பி. கிணறும் இரண்டு மாமரமும். இப்ப முருகனிட்ட எந்த வீட்டைக் கேக்கிறது எண்டு தெரியேல்ல. அதுதான் இவளைக் கேக்கச் சொல்லிக் கூட்டிவந்தனான்" என்றார்.

நான் வங்கியில் இருந்தவன் என்று அறிந்ததும் பேத்தி கேட்டாள்: "ஐயா, எனக்கு வேலை கிடைத்த பிறகாவது வீட்டுக்கடன் கிடைக்குமா?" பேச்சு முழுக்க இவ்வூர்த் தமிழ். விதிகள் எனக்கு மனப்பாடம். குடியுரிமைச் சான்று, மனைப் பத்திரம், பட்டா என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அம்மையார் உடைத்த தேங்காயில் ஒரு மூடியை என் கையில் கொடுத்தார். அன்று அவர்களுக்கு மூன்றாவது செவ்வாய். "அடுத்த கிழமையும் வருவியளோ?" என்று கேட்டார். வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.