பச்சையெல்லாம் காடாகாது

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் எந்த மாதம் பார்த்தாலும் மலை பச்சையாகவே இருப்பதால், இங்குள்ள மரங்கள் இலை உதிர்ப்பதே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பசுமை மாறா மரமும் இலை உதிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரேயடியாக அல்ல. பழையது விழ விழப் புதியது துளிர்க்கும். இலையுதிர் மரம், வறட்சியோ குளிரோ நெருங்கும்போது, மொத்த இலையையும் கொட்டி, உள்ளிருக்கும் நீரைக் காத்துக்கொள்ளும். தேயிலை பசுமை மாறாச் செடி. அசாமின் குளிர்காலத்தில் இலையோடு நின்றாலும் துளிர்விடாமல் ஓய்ந்துபோகும் அதே செடி, நம் மலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து தருகிறது. அதற்கு நிழலாக நட்ட முள்முருக்கு இனங்கள் இலையுதிர் வகை. அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடிக்கின்றன. விழும் இலையும் வெட்டிப் பரப்பும் கிளையும் மண்ணுக்கு உரமாகின்றன. எனவே உதிர்வதைக் குப்பையென்று கூட்டி எரிப்பது பிழை. அதைவிடப் பெரிய பிழை, பச்சையாய்த் தெரிவதையெல்லாம் காடு என்று நம்புவது. தேயிலை மலையின் பச்சை ஒரே செடியின் பச்சை. ஹோட்டன் சமவெளியின் பசுமை மாறாக் காடோ பல இன மரங்கள் சேர்ந்து வாழுமிடம். தவழும் மேகத்திலிருந்தே நீரைப் பிடித்து மண்ணில் இறக்கும். மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீரூட்டுவது அந்த மேட்டுநிலம்தான். தோட்ட நிர்வாகங்கள் ஓடைக்கரைகளிலும் மலைமுகடுகளிலும் நாட்டு மரங்களை நடட்டும். நிழல் மரங்களை விறகுக்காக வெட்டுவதை நிறுத்தட்டும். மரமில்லாமல் மண் கரைந்துபோன மலையில் தேயிலையும் நிலைக்காது.